பொத்தானை அமுக்காதீர்கள்

ஆகஸ்ட் 6

அன்பு மகளே,

இங்கே எல்லாரும் சுகம். எல்லாரும் என்றால் நானும் அம்மாவும்தான். நீ போன பிறகு வீட்டு ஜனத்தொகை அவ்வளவுதானே.

நேற்று நாம் போனில் பேசியதை அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எண்ணியிருக்கிறாள். மொத்தம் நாலு நிமிஷம். அதில் நான் "சாப்பிட்டியா" என்று ஆறு தடவை கேட்டேனாம். நீ "ம்" என்று பதினொரு தடவை சொன்னாயாம். மீதி நேரம் ரெண்டு பேரும் மூச்சு விட்டோமாம். உன் விடுதியில் வராந்தாவில் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும், அங்கே எப்போதும் நாலு பேர் நிற்பார்கள், உனக்கு வாய் வராது. எனக்குத் தெரியாதா? அதனால்தான் இந்தக் கடித ஏற்பாடு. எழுத்தில் நீ நன்றாகவே வம்பு பேசுவாய். "என் சைக்கிளை இன்னும் ஏன் சரி செய்யவில்லை" என்று ஆறாம் வகுப்பில் நீ எனக்கு எழுதிய கண்டனக் கடிதத்தை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. பத்தாவது வரை படித்த கை, அதற்கப்புறம் திருப்புளி பிடித்தே கோணிப்போன கை.

ஒரு விஷயம். லிப்ட் ரிப்பேருக்குப் போனால் வாசலில் ஒரு மஞ்சள் தகரப் பலகை மாட்டுவேனே, அதைக் காணோம். "பழுது பார்க்கப்படுகிறது. உள்ளே ஆள் இருக்கிறார். பொத்தானை அமுக்காதீர்கள்" என்று மூன்று வரி எழுதியிருக்கும். அதை மாட்டாமல் லிப்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் இறங்கக் கூடாது என்பது கம்பெனி விதி. எங்கள் சூப்பர்வைசர் தம்பி, என்னைவிடப் பன்னிரண்டு வயசு சின்னவர், "அவ்ளோ பெரிய பலகையைத் தொலைக்கறதுக்கும் ஒரு திறமை வேணும்ணே" என்று எல்லார் முன்னாலும் பாராட்டினார். இப்போதைக்கு ஒரு அட்டையில் நானே எழுதி மாட்டியிருக்கிறேன். என் எழுத்தைப் பார்த்துவிட்டு ஜனங்கள் பயந்து படிக்கட்டில் போகிறார்கள்.

உன் அறையில் கூட இருக்கும் பெண் எப்படி? பேசுகிறாளா? நீ பேசுகிறாயா?

அப்பா

பின்குறிப்பு: சாப்பிட்டியா? (ஏழு.)


ஆகஸ்ட் 13

அப்பா,

பலகை என்னிடம் இருக்கிறது. கிளம்புகிற அன்று என் பெட்டியின் அடி தொய்ந்திருக்கிறது என்று சொல்லி, கைக்குக் கிடைத்த அந்தத் தகரத்தை உள்ளே கொடுத்து மேலே துணி விரித்தது நீங்கள்தான். ஆகவே சூப்பர்வைசர் சொன்னது சரி.

திருப்பி அனுப்பச் சொல்லாதீர்கள். அதை என் அறைக் கதவில் மாட்டியிருக்கிறேன்.

கூட இருக்க வேண்டிய பெண் வேறு கல்லூரிக்குப் போய்விட்டாள். தனி அறை. முதல் வாரம் முழுக்க யாராவது கதவைத் தட்டி, "எந்த டிபார்ட்மெண்ட்? வா, சாப்பிடப் போலாம்" என்றார்கள். நல்லவர்கள்தான். ஆனால் தட்டினதும் நான் விளக்கை அணைத்துவிடுவேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, அறையில் ஆளே இல்லாத மாதிரி உட்கார்ந்திருப்பேன். பலகை மாட்டியதும் தட்டுவது நின்றுவிட்டது. சாப்பாட்டுக் கூடத்துக்கு, மூடப் பத்து நிமிஷம் இருக்கும்போது போகிறேன். அப்போது கடைசி மேஜையில் ஆள் இருக்காது. பாத்திரத்தில் சாப்பாடும் அவ்வளவாக இருக்காது.

நிலவியல் வகுப்பில் ஆளுக்கொரு கல் கொடுத்திருக்கிறார்கள். என்ன கல் என்று நாமே கண்டுபிடித்து, அக்டோபர் 20ஆம் தேதி அறுபது பேர் முன்னால் நின்று பத்து நிமிஷம் பேச வேண்டும். பேசாவிட்டால் முதல் வருஷம் தேற முடியாது. என் கல் கறுப்பாக, கனமாக, பொத்தல் பொத்தலாக இருக்கிறது.

சாப்பிட்டேன்.

மகள்


ஆகஸ்ட் 19

அன்பு மகளே,

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சிரிப்பாள் என்று பார்த்தால், "இந்த வாய்மூடித்தனம் உங்க வம்சத்துச் சொத்து" என்று என் மேல் பாய்ந்தாள். ஆஸ்பத்திரி டோக்கன் கவுண்டரில் நாள் முழுக்கக் கத்திவிட்டு வருகிறவள். அவள் பக்கத்திலிருந்து உனக்கு ஒரு கால் பங்காவது வந்திருக்கக் கூடாதா?

பலகையை வைத்துக்கொள். உள்ளே ஆள் இருக்கிறார் என்பதாவது உண்மைதானே. லிப்டுக்கு மாட்டினாலும் மூன்று நாளில் கழற்றிவிடுவோம், அதை மட்டும் நினைவில் வை.

அப்புறம், கல்லைப் பற்றிப் பத்து நிமிஷமா? அதுவும் பேசாது, நீயும் பேச மாட்டாய். பொருத்தம் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறார்கள். எனக்குப் படிப்பைப் பற்றிச் சொல்ல யோக்கியதை இல்லை. என் கதைதான் உனக்குத் தெரியுமே. மோட்டார் சத்தம் காதுக்கு ஒத்துக்கொள்ளாமல் தொழிற்பள்ளியைப் பாதியில் விட்டவன். காது மட்டும் ஒழுங்காக இருந்திருந்தால் இன்றைக்கு நான் சூப்பர்வைசர், அந்தத் தம்பி எனக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பார்.

நேரத்துக்குப் போய்ச் சாப்பிடு. கடைசி மேஜையில் உட்கார். ஆனால் சாப்பாடு இருக்கும்போதே போய் உட்கார்.

அப்பா


செப்டம்பர் 2

அப்பா,

அவசரம். குடை ரிப்பேர் தெரியுமா?

பலகையைப் பார்த்துவிட்டு, விடுதியின் ரிப்பேர் அறை இதுதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். போன வாரம் கதவைத் திறந்தால் ஒரு குடை சாய்ந்து நிற்கிறது. பிடியில் ஒரு சீட்டு: "ஒரு கம்பி உடைஞ்சிருக்கு. மழைக்கு முன்னாடி கிடைச்சா போதும். அறை 14." மறுநாள் ஒரு அலாரம் கடிகாரம். அப்புறம் பூட்டு எண் மறந்துபோன சூட்கேஸ். நேற்று ஒரு மேஜை விளக்கு.

இன்னொன்றும் நடக்கிறது. பலகையில் பொத்தானை அமுக்காதீர்கள் என்று இருக்கிறது, கதவில் பொத்தானே இல்லையே என்று யாரோ ஒரு காகிதத்தில் சிவப்பு வட்டம் வரைந்து பலகை மேலேயே ஒட்டியிருக்கிறார்கள். சாமான் வைக்க வருகிறவர்கள் அதை அமுக்கிவிட்டு வாயாலேயே "டிங்" என்கிறார்கள். இப்போது சும்மா போகிறவர்களும் அமுக்குகிறார்கள். டிங், டிங் என்று நாள் முழுக்க. நான் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கேலி செய்கிறார்கள், இல்லையா?

இது ரிப்பேர் கடை இல்லை என்று சொல்ல வேண்டுமென்றால் ஒவ்வொரு அறையாகப் போய்ப் பேச வேண்டும். அதற்கு ரிப்பேர் செய்வதே சுலபம். கடிகாரத்தில் பேட்டரி முனை துருப்பிடித்திருந்தது, சுரண்டிவிட்டேன். சூட்கேஸ் பூட்டை நீங்கள் செய்கிற மாதிரி ஒவ்வொரு எண்ணாகத் தடவித் திறந்துவிட்டேன். எல்லாரும் வகுப்புக்குப் போனதும் கொண்டுபோய் அவரவர் கதவடியில் வைத்தேன். குடையும் விளக்கும் பாக்கி.

மகள்


செப்டம்பர் 7

அன்பு முதலாளியம்மா,

கடை திறந்துவிட்டாய், அப்பாவுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை!

குடைக்கு எலும்பு முறிவு வைத்தியம்தான். ஒரு சின்னத் தகரத் துண்டை உடைந்த இடத்தின் மேல் வளைத்து, மெல்லிய கம்பியால் இறுக்கிக் கட்டு. முனையை உள்பக்கம் மடக்கு, இல்லாவிட்டால் துணியைக் கிழிக்கும். விளக்கு விஷயம் வேறு. சொந்தக்காரியைக் கேட்காமல் தொடாதே. எப்போதிருந்து இப்படி? சத்தம் ஏதாவது வந்ததா? கீழே விழுந்ததா? லிப்டைத் தொடுவதற்கு முன் வாட்ச்மேனிடம் இந்த மூன்றையும் கேட்பேன். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். மீதிப் பாதியை வாட்ச்மேனே செய்து பார்த்துக் கெடுத்து வைத்திருப்பார்.

கேலி செய்கிறவள் தன் குடையை நம்பிக் கொடுப்பாளா? இருந்தாலும் எனக்கு விடுதியைப் பற்றி என்ன தெரியும். நீ அங்கே இருக்கிறாய். கதவைத் திறந்து பார்த்துச் சொல்.

அப்பா


செப்டம்பர் 24

அப்பா,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. நான் வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.

வகுப்பில் பெயர் கூப்பிடும்போது "இருக்கேன்" என்று சொல்கிறேன். எனக்குக் கேட்கிறது. பேராசிரியருக்குக் கேட்கவில்லை. பதினேழு நாள் நான் வரவில்லை என்று குறித்திருக்கிறார்கள். ஒரு நாள்கூடத் தவறாமல், இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தும், வருகை போதாது என்று எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்திருக்கிறது. நான் வந்தேன் என்று சொல்ல மூன்று நாள் அவர் அறை வாசல் வரை போனேன். அந்தக் கதவில் எந்தப் பலகையும் இல்லை. இருந்தும் தட்ட முடியவில்லை.

கல்லும் சரியில்லை. எல்லாருடைய கல்லும் ஏதாவது ஒரு புத்தகத்தில் இருக்கிறது. என்னுடையது எதிலும் இல்லை. நான்தான் எதையோ பார்க்கத் தவறுகிறேன். விளக்குக்காரியிடம் மூன்று கேள்வி கேட்கச் சொன்னீர்கள். ஒன்றுகூடக் கேட்கவில்லை. விளக்கு அப்படியே மூலையில் இருக்கிறது. ஸ்விட்சைப் போட்டால் எரியவில்லை.

அக்டோபர் 19ஆம் தேதி, அந்தப் பேச்சுக்கு முந்தின நாள், கம்பெனி வேனைக் கேட்டு வாங்கிக்கொண்டு வர முடியுமா? பெட்டி, புத்தகங்கள், பலகை. அவ்வளவுதான் சாமான். யாராவது கேட்டால் விடுதிச் சாப்பாடு உடம்புக்கு ஒத்துக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.

மன்னிச்சிடுங்கப்பா.


செப்டம்பர் 29

அன்பு மகளே,

வேன் சொல்லியாகிவிட்டது. 19ஆம் தேதி காலை பத்து மணிக்கு விடுதி வாசலில் நிற்பேன். இதை முதலில் எழுதிவிட்டேன், இனி நீ நிம்மதியாக மீதியைப் படிக்கலாம்.

உன் கடிதத்தில் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டேன். "சாப்பாடு ஒத்துக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்" என்ற வரிதான் என்னைத் தூக்கிப் போட்டது. ஏனென்றால் அதே சரக்கை முப்பது வருஷம் முன்னால் நான் தயாரித்து விற்றிருக்கிறேன்.

என் காதுக்கு ஒரு கேடும் இல்லை. தொழிற்பள்ளியில் சேர்ந்த ஒன்பதாவது நாள், வாத்தியார் ஒவ்வொருவராக எழுந்து நின்று தன்னைப் பற்றி நாலு வார்த்தை சொல்லச் சொன்னார். நாலே வார்த்தை. என் முறை வருவதற்குள் மணி அடித்துவிட்டது. மீதி நாளைக்கு என்றார். அந்த நாளைக்கு நான் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. வீட்டில் கேட்டபோது மோட்டார் சத்தம் காதுக்கு ஒத்துக்கவில்லை என்றேன். அப்புறம் பிழைப்புக்கு எங்கே சேர்ந்தேன்? இருபத்தாறு வருஷமாக லிப்ட் மோட்டார் பக்கத்தில்! இதை ஒரு சொந்தக்காரர்கூடக் கவனிக்கவில்லை பார். ஆனால் எனக்கு மறக்குமா? கல்யாண வீட்டில் ஜெனரேட்டர் போட்டால் இன்றைக்கும் மறக்காமல் காதைப் பொத்திக்கொள்கிறேன். பொய்யை விட அதைப் பராமரிக்கிற வேலைதான் பெரிது.

நீ வா. ஆனால் பயமாக இருந்தது, வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு வா. யாராவது சிரித்தால் அவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். எழுத்தில்தான்.

ஒன்று மட்டும். கைக்கு வந்த சாமானை அப்படியே போட்டுவிட்டு மெக்கானிக் ஊரை விட்டுப் போகக் கூடாது. விளக்கைச் சரி செய்து கொடுத்துவிடு. கேட்க முடியவில்லை என்றால் பரவாயில்லை, வழக்கமாக பிளக் பக்கத்தில்தான் வயர் அறுந்திருக்கும். பிளக்கைக் கழற்று. வயர் முனையை வெட்டிவிட்டுத் தோலைச் சீவு. ரெண்டு வயரையும் ரெண்டு திருகில் மாட்டி இறுக்கு. மூடு. போட்டுப் பார். நான் ஆயிரம் தடவை செய்த வேலை, பயப்பட ஒன்றுமில்லை.

அப்பா


அக்டோபர் 8

அப்பா,

நீங்கள் எழுதியபடியே செய்தேன். மூடினேன். போட்டுப் பார்த்தேன். டப்பென்று ஒரு சத்தம், மாடி முழுக்க இருட்டு.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பிளக் மட்டும் கறுத்துவிட்டது. அப்போது சாயங்காலம் ஆறரை மணி, பாதிப் பேருக்கு மறுநாள் தேர்வு. எல்லாரும் வராந்தாவுக்கு வந்துவிட்டார்கள். "யாருடி அயர்ன் பாக்ஸ் போட்டது?" "வேற யாரு, 14ஆம் நம்பர்தான். போன தடவையும் அவதானே!" அவள், அந்தக் குடைக்காரி, "சத்தியமா நான் இல்லப்பா, நான் குளிச்சிட்டு இருந்தேன்" என்கிறாள். யாரும் நம்பவில்லை. அவள் குரல் உடைய ஆரம்பித்துவிட்டது.

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். பிறகு திறந்துகொண்டு வெளியே போய் "நான்தான்" என்றேன். கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். கேட்கவில்லை. அப்புறம் கத்திவிட்டேன் அப்பா. "நான்தான்! விளக்கை ரிப்பேர் பண்ணேன், வெடிச்சிடுச்சு!"

சத்தம் அப்படியே நின்றது. இருட்டில் ஒரு குரல்: "ஏய், உள்ள நிஜமாவே ஆள் இருக்கு!"

அதற்கப்புறம் ஒரே சிரிப்பு. பகலில் யாரோ ஒரு வயசான ரிப்பேர்க்கார அம்மா வந்து போகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தார்களாம். எனக்குக் காலில் வாதம் என்றுகூட ஒரு கதை ஓடியிருக்கிறது. விளக்குக்காரியும் நானும் மாடிப்படிக்கு அடியில் இருந்த கரண்ட் பெட்டியைத் திறந்து ஸ்விட்சைத் தூக்கிவிடப் போனோம். போகும்போதே கேட்டேன், எப்போதிருந்து எரியவில்லை என்று. "எரிஞ்சுதே! ஸ்விட்ச் லூஸ், கொஞ்சம் அழுத்திப் பிடிக்கணும், அவ்ளோதான்" என்றாள். நல்ல பிளக்கை வெட்டியிருக்கிறேன்.

வயருக்குள் இருக்கும் செப்பு நரம்புகளை முறுக்கிவிட்டு மாட்ட வேண்டும் என்று நூலகத்தில் ஒரு புத்தகத்தில் பார்த்தேன். முறுக்காவிட்டால் ஒரு நரம்பு தப்பிப் பக்கத்துத் திருகைத் தொடுமாம். நீங்கள் அதை எழுதவில்லை.

குடைக்காரி என் வகுப்புதான். "தினம் வர்றியே, ஏன் உனக்கு ஆப்சென்ட் போடறாங்க?" என்றாள். அவள் கவனித்திருக்கிறாள். மறுநாள் பேராசிரியர் அறைக்குக் கூடவே வந்தாள். வாசலில் நின்றுகொண்டாள், உள்ளே நான்தான் பேசினேன். பதினேழு நாளையும் திருத்திவிட்டார். "கொஞ்சம் சத்தமா சொல்லக் கூடாதாம்மா?" என்றார். சத்தமாகவே "சரி சார்" என்றேன்.

நீங்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: சாப்பிட்டேன், ஆறு பேரோடு. நான் அதிகம் பேசவில்லை. அவர்கள் பேசினார்கள்.

வேனை 19க்குப் பதில் 21ஆம் தேதிக்கு மாற்ற முடியுமா? வரவில்லை என்று சொல்லவில்லை. இரண்டு நாள் தள்ளி, அவ்வளவுதான்.

ஒன்று கேட்கலாமா? அன்றைக்கு மணி அடித்தபோது உங்களுக்கு முன்னால் இன்னும் எத்தனை பேர் பாக்கி?

மகள்


அக்டோபர் 12

அன்பு மகளே,

ரெண்டு பேர்.

முதலில், என்னை மன்னித்துவிடு. முறுக்க வேண்டும் என்பது என் கைக்குத் தெரியும், பேனாவுக்குத் தெரியவில்லை. அம்மா உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "புள்ளையைப் படிக்க அனுப்பினா, ஷாக் அடிக்க வழி சொல்லிக் குடுத்திருக்கீங்க" என்று ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. கவுண்டரில் கத்துகிறவள் பேசாமல் இருந்தால் வீடு எவ்வளவு பயங்கரமாக இருக்கும் தெரியுமா? மூன்றாம் நாள், எதையாவது சொல்லிப் பேச வைக்கலாம் என்று காது விஷயத்தை ஒப்புக்கொண்டேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கல்யாணமான ரெண்டாவது வாரமே தெரியும். பக்கத்து வீட்டுல ஸ்பூன் விழுந்தாலே முழிச்சுக்கறீங்க" என்றாள். இத்தனை வருஷம் ஜெனரேட்டருக்குக் காதைப் பொத்தியதை அவள் ஒரு காட்சியாக ரசித்திருக்கிறாள்.

வேனை 21க்கு மாற்றினேன். சூப்பர்வைசர் தம்பி "என்னண்ணே, இது கம்பெனி வேனா, உங்க வீட்டுக் கட்டிலா, இஷ்டத்துக்கு இழுத்துப் போடறீங்க?" என்றார். மாற்றிக் கொடுத்தார்.

கல்லைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. தெரியாத விஷயத்துக்கு யோசனை சொல்வதில்லை என்று அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். தெரிந்த விஷயத்துக்குச் சொன்னதே டப்பென்று போய்விட்டது.

21ஆம் தேதி காலி வேனோடு திரும்பினாலும் சந்தோஷம், உன்னோடு திரும்பினாலும் சந்தோஷம். இதை நாலு தடவை எழுதிப் பார்த்துவிட்டேன், ரெண்டும் உண்மைதான்.

அப்பா


அக்டோபர் 21

அப்பா,

நேற்று போனில் "வேன் வேண்டாம்" என்று சொன்னதோடு என் வார்த்தைகள் தீர்ந்துவிட்டன. வராந்தாவில் ஒன்பது பேர் நின்றார்கள். மீதியை இதில் எழுதுகிறேன்.

என் முறை பதினொன்றாவது. கல்லை மேஜை மேல் வைத்தேன். "இது கல் இல்லை" என்று ஆரம்பித்தேன். ஒரு வாரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன் அப்பா. பொத்தல்கள் எரிமலைக் கல் மாதிரிதான் இருக்கும். ஆனால் உடைந்த விளிம்பில் கண்ணாடிப் பளபளப்பு. ஒரு பொத்தலுக்குள் குண்டூசித் தலை அளவுக்கு இரும்புத் துளி, காந்தத்தில் ஒட்டியது. இதைப் பூமி செய்யவில்லை, உலை செய்தது. இரும்பு உருக்கும்போது மேலே மிதக்குமே கசடு, அது. யாரோ தவறுதலாகக் கற்கள் இருந்த தட்டில் போட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறேன் என்றேன்.

ஏழு நிமிஷத்தில் எல்லாம் தீர்ந்துவிட்டது. அறுபது பேரும் சும்மா பார்க்கிறார்கள். பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குக் காது அடைத்தது. (நிஜமாகவே. உங்களுடையது மாதிரி இல்லை.) அப்போது பின்வரிசையிலிருந்து குடைக்காரி மெதுவாக "டிங்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபிறகுதான், அதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்று சொல்லவே இல்லை என்பது ஞாபகம் வந்தது. எந்தெந்தப் புத்தகம் பார்த்தேன், எங்கெங்கே ஏமாந்தேன் என்று சொல்லிக்கொண்டே போனேன். பன்னிரண்டாவது நிமிஷம் பேராசிரியரே "போதும்மா" என்றார். பிறகு வகுப்பைப் பார்த்து, "வருஷா வருஷம் நான்தான் இதை ஒண்ணு கலந்து வைப்பேன். எல்லாரும் ஏதாவது ஒரு கல் பேரைச் சொல்லித் தப்பிச்சுக்குவாங்க. இதுவரைக்கும் ரெண்டு பேர்தான் இது கல்லே இல்லன்னு சொல்லியிருக்காங்க. இந்தப் பொண்ணு ரெண்டாவது" என்றார்.

இன்னும் யாராவது தட்டினால் கை முதலில் விளக்கு ஸ்விட்சுக்குத்தான் போகிறது. பெரும்பாலும் திறந்துவிடுகிறேன். சில நாள் திறப்பதில்லை. அப்போது அவர்கள் கதவிலேயே "டிங்" சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். கோபித்துக்கொள்வதில்லை.

பலகையைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். உங்களுக்கு வேலைக்குத் தேவைப்படும். காகிதப் பொத்தானைப் பிய்க்கப் பார்த்தேன், வரவில்லை. ரொம்பவும் முயற்சி செய்யவில்லை. கதவில் இப்போது "ரிப்பேர்: சனிக்கிழமை மட்டும்" என்று ஒரு சீட்டு. விளக்குக்காரி எழுதி ஒட்டியது. அவளுக்குப் புது ஸ்விட்சும் பிளக்கும் போட்டுக் கொடுத்துவிட்டேன். முறுக்கித்தான்.

மகள்


அக்டோபர் 30

அன்பு மகளே,

நீ போனில் "வேன் வேண்டாம்" என்றதும் நான் "சாப்பிட்டியா" என்று கேட்டேனாமே. அம்மா சொல்லித்தான் தெரியும். அந்த நேரம் நான் என்ன பேசினேன் என்பதே எனக்கு நினைவில்லை. மறுநாள் காலை வேன் சாவியைத் திருப்பிக் கொடுத்தபோது சூப்பர்வைசர் தம்பி, "என்னண்ணே, கண்ணு சிவந்திருக்கு?" என்றார். கிரீஸ் பட்டுவிட்டது என்றேன். உடனே, இன்னொரு காது கதையை ஆரம்பிக்கிறோமே என்று சுருக்கென்றது. "இல்ல தம்பி, பொண்ணு அங்கேயே படிக்கிறேன்னுட்டா" என்று சொல்லிவிட்டேன். அவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

பலகை வந்து சேர்ந்தது. நேற்று ஏழு மாடி ஆபீஸ் ஒன்றில் வேலை. வழக்கம்போலக் கரண்டை நிறுத்தி, பலகையை மாட்டிவிட்டுக் குழிக்குள் இறங்கினேன். கதவுக்கு அடியில் ரெண்டு விரல் இடைவெளி. அதில் ஒரு ஜோடி பளபள ஷூ வந்து நின்றது. பலகையை ஒருவர் நிதானமாக வாசிக்கிறார், வரிக்கு வரி முணுமுணுப்பு கேட்கிறது. பொத்தானை அமுக்காதீர்கள் என்பது வரை வாசித்தார். வாசித்துவிட்டு உங்கள் விடுதியின் சிவப்புக் காகிதப் பொத்தானை அமுக்கினார். காகிதம் சரசரத்தது. காத்திருந்தார். மறுபடி அமுக்கினார்.

இருபத்தாறு வருஷமாகக் குழிக்குள்ளிருந்து நான் வாயைத் திறந்ததே இல்லை. மேலே யார் என்ன திட்டினாலும் கல் மாதிரி இருப்பேன். நேற்று என்ன வந்ததோ தெரியவில்லை, மூன்றாவது தடவை அவர் அமுக்கியபோது கீழேயிருந்து "டிங்" என்றேன்.

ஷூ ரெண்டும் ஒரு அடி பின்னால் குதித்தது. அப்புறம் மெல்லக் கிட்டே வந்தது.

"உள்ள யாரு?"

"நான்தான்" என்றேன். சத்தமாகவே.

அப்பா

பின்குறிப்பு: சாப்பிட்டியா என்று இனிமேல் கேட்பதாக இல்லை. யார் யாரோடு சாப்பிட்டாய்? ஒவ்வொருத்தியைப் பற்றியும் எழுது.